கையில் இரண்டு ராஜா

சீட்டாட்டத்தைப் பற்றித் தமிழ் மாணவர் முன்னிலையில் பேசலாமா என்று ஐயுறுவோர் உளர். அவ்வையம் நியாயமானதே. திருக்குறளின் 94-ஆம் அதிகாரம் சூதைப் பற்றியது. வென்றாலும் சூதை விரும்பற்க என்கிறார் வள்ளுவர். வென்ற பொருளைத் தூண்டில் இரும்பை இரையென்று விழுங்கிய மீனின் பேற்றுக்கு ஒப்பிடுகிறார். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

ஆயினும் அந்த அதிகாரத்தை ஒருமுறைக்கு இருமுறை படிப்போர்க்கு ஒன்று புலனாகும். சூதைக் கடிந்த அப்பேரறிஞர் சூதாடுவோன் உள்ளத்தைக் கூர்ந்து கண்டிருக்கிறார். பொருளை இழக்கும்தோறும் சூதின்மேல் ஆசை பெருகும் என்பதை அதிகாரத்தின் கடைசிக் குறளில் கூறுகிறார். துன்பப்படும்தோறும் உயிர் உடலின்மேல் கொள்ளும் காதலுக்கு அதனை உவமையாக்குகிறார். இழப்பவன் ஏன் எழுந்து போவதில்லை என்னும் வினாவை அவர் அறிந்தே தொட்டிருக்கிறார். கடிய வேண்டியதைக் கடிவதற்கு முன் அதனை அறிந்துகொள்ளல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அவ்வினாவின் ஒரு சிறு கூறே. கையில் வலிய சீட்டு இருக்கும்போது அதை எப்போது கவிழ்த்து வைப்பது?

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் சீட்டு புதிதன்று. சம்பள நாள் மாலையில் லயத்துக்குப் பின்னாலோ, மரத்தடியிலோ, சாக்கை விரித்துப்போட்டு ரம்மி ஆடிய தலைமுறை ஒன்று இருந்தது. தோற்றவன் முகத்தை வென்றவன் கண்டான். பக்கத்து வீட்டார் கண்டனர். இருட்டினால் ஆட்டம் நின்றது. மனைவியோ தாயோ வந்து கூப்பிட்டால் பாதியிலும் நின்றது. இன்று அந்தச் சாக்கு மடித்து வைக்கப்பட்டுவிட்டது. சீட்டு கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது. பெஸ்தாரி ஜெயாவிலோ, ஈஜோக்கிலோ, ஜெராமிலோ ஒருவன் கட்டிலில் படுத்தபடியே உலகின் ஐந்து மூலைகளில் உள்ள ஐந்து பேரோடு நள்ளிரவு தாண்டியும் ஆட முடிகிறது. எதிரே இருப்பவர் முகம் தெரிவதில்லை. தோற்றவன் முகத்தைக் காண்பாரும் இல்லை. பந்தயமோ ஐந்து காசு, பத்துக் காசு. இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும்.

அவ்வாறு ஆடப்படும் ஆட்டங்களுள் ஒன்று போக்கர். அதன் அமைப்பு எளியது. 52 சீட்டுகள். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் அனைவர்க்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் நடுவில் திறக்கப்படும். முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், பிறர் கட்டியதற்கு ஈடு கொடுக்கலாம், உயர்த்தலாம், அல்லது தம் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். ஏழு சீட்டுகளிலிருந்து சிறந்த ஐந்தை அமைப்பவர் நடுவில் குவிந்த பணத்தைப் பெறுவார். மற்றெல்லாரும் கவிழ்த்துவிட்டால் எஞ்சியவர் சீட்டைக் காட்டாமலே பெறுவார்.

மறைவாக வரும் இரண்டு சீட்டும் ஒரே இனமாய் அமைந்தால் அது சோடி. பதினேழு ஆட்டங்களுக்கு ஒருமுறைதான் ஏதேனும் ஒரு சோடி வரும். இரண்டு ராஜா என்று குறிப்பிட்ட ஒரு சோடி வருவது 221 ஆட்டங்களுக்கு ஒருமுறை. கைப்பேசி ஆட்டத்தில் மணிக்கு எழுபது ஆட்டம் ஓடுவதாகக் கொண்டால், மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் சராசரியாக ஒருமுறை அந்த இரண்டு ராஜாவைக் காணலாம். காத்திருந்து வந்த விருந்தாளியை வாசலிலேயே திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்? தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

ஆகச்சிறந்த சோடியாகிய இரண்டு ஆசு கூட வெல்லமுடியாத காப்பு உடையதன்று. ஒரே ஓர் எதிராளி ஏதோ இரு சீட்டுடன் கடைசிவரை வந்தால் அது நூற்றுக்கு 85 தடவை வெல்லும். எதிராளிகள் ஐவராகி, ஐவரும் கடைசிவரை நின்றால், அதே இரண்டு ஆசு வெல்வது நூற்றுக்கு 49 தடவையளவே. அறுவருள் மிக வலியவன் அவனே. ஆனாலும் தோற்கும் தடவையே மிகுதி. வலிமை என்பது கையில் இருக்கும் சீட்டில் மட்டும் இல்லை, எதிரே எத்தனை பேர் எதனோடு நிற்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுவதில்லை.

ஓர் ஆட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். பகலெல்லாம் செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்த ஓர் இளைஞன். கணக்கில் பத்து வெள்ளி வைத்திருக்கிறான். கட்டாயப் பந்தயம் ஐந்து காசும் பத்துக் காசும். அவனுக்கு இரண்டு ராஜா வருகிறது. நாற்பது காசாக உயர்த்துகிறான். இருவர் ஈடு கொடுக்கின்றனர். ஒதுங்கியவனின் ஐந்து காசையும் சேர்த்து நடுவில் ஒன்றேகால் வெள்ளி. முதல் மூன்று சீட்டுகள் திறக்கின்றன: ஆட்டின் ஒன்பது, ஆட்டின் எட்டு, கிளாவர் மூன்று. ராஜாவைவிடப் பெரிய சீட்டு ஒன்றும் இல்லை. அவன் எழுபத்தைந்து காசு கட்டுகிறான். ஒருவன் விலகுகிறான், மற்றவன் பேசாமல் ஈடு கொடுக்கிறான். நடுவில் இரண்டே முக்கால் வெள்ளி. நான்காம் சீட்டு இஸ்பேட் ஏழு. இளைஞன் ஒன்றரை வெள்ளி கட்டுகிறான். இதுவரை வாய் திறவாமல் பின்தொடர்ந்த எதிராளி இப்போது அதை நாலரை வெள்ளியாக உயர்த்துகிறான்.

இப்போது என்ன செய்வது? கணக்கைப் பார்க்கலாம். நடுவில் இப்போது எட்டே முக்கால் வெள்ளி இருக்கிறது. தொடர்வதற்கு அவன் இன்னும் மூன்று வெள்ளி தரவேண்டும். மூன்றைத் தந்து எட்டே முக்காலை வெல்லும் வாய்ப்பு; ஆகவே நான்கு தடவையில் ஒரு தடவைக்குச் சற்று மேல் வென்றாலே நட்டமில்லை. கேட்பதற்கு எளிதாய்த் தோன்றுகிறது. ஆனால் எதிராளி கையில் என்ன இருக்கக்கூடும்? பத்தும் ஜாக்கியும் இருந்தால் ஏழு முதல் ஜாக்கி வரை தொடர்வரிசை முடிந்துவிட்டது; ஐந்தாம் சீட்டு எதுவாயினும் ராஜாக்களுக்கு மீட்சியில்லை. இரண்டு ஒன்பதோ இரண்டு எட்டோ மறைவில் இருந்தால் அவனுக்கு மூன்று ஓரினம் அமைந்துவிட்டது. எஞ்சிய இரண்டு ராஜாவுள் ஒன்று வந்தாலன்றி இளைஞனுக்கு வழியில்லை. அது 44 சீட்டில் இரண்டு. ஒன்பதும் எட்டுமாக இரண்டு சோடி இருந்தாலும் இளைஞனைக் காக்கக்கூடியவை 44 சீட்டில் எட்டே. நூற்றுக்குப் பதினெட்டு. இம்மூன்றிலும் அவனுக்கு வேண்டிய நான்கில் ஒன்று கிட்டவில்லை. எதிராளி வெறுங்கையோடு மிரட்டுகிறான் என்றாலோ, நிறைவேறாத சீட்டை வைத்துக்கொண்டு துணிகிறான் என்றாலோதான் தொடர்வதில் பொருளுண்டு. அப்படியும் நான்கில் ஒரு தடவையாவது அவன் மிரட்டுபவனாய் இருத்தல் வேண்டும். அதோடும் முடிவதில்லை. மூன்று வெள்ளியைத் தந்தபின் இளைஞனிடம் எஞ்சுவது நான்கு வெள்ளி முப்பத்தைந்து காசு. ஐந்தாம் சீட்டு திறந்ததும் அதற்கும் அழைப்பு வரும்.

ஆக, எதிராளி எத்தகையவன் என்பதே தீர்க்கும் வினாவாகிறது. பெரும்பணம் புரளும் மேசைகளில் மிரட்டுவோர் பலர். சிறுபந்தய மேசையின் இயல்பு வேறு. அங்கே வருவோர்க்கு வேடிக்கை பார்க்கும் ஆவல் மிகுதி. மிரட்டும் திறம் குறைவு. எல்லாவற்றுக்கும் ஈடு கொடுப்பர், அரிதாகவே உயர்த்துவர். அவ்வாறு வாளாவிருந்த ஒருவன் நான்காம் சீட்டில் திடீரென மூன்று மடங்கு உயர்த்தினால், அவன் சொல்வது பெரும்பாலும் மெய். அனுபவமுடையோர் ஒரு சோடியின் மதிப்பை அந்த இடத்தில் மறுபடியும் எடைபோட வேண்டும் என்று வற்புறுத்துவது இதனாலேயே. ஈடு கொடுத்துக்கொண்டே வந்தவன் பேசாமல் இருந்ததும் ஒரு செய்தி. பேசத் தொடங்கியதும் ஒரு செய்தி. கவிழ்த்துவிட்டால் இளைஞன் இழந்தது இரண்டு வெள்ளி அறுபத்தைந்து காசு. காத்துக்கொண்டது ஏழு வெள்ளி முப்பத்தைந்து காசு.

இவ்வளவு தெரிந்தும் அவன் விரல் தொடர்வதற்கான பொத்தானையே நாடும். மூன்று காரணங்கள் உண்டு. மூன்று மணி நேரம் காத்து வந்த சீட்டு என்பது முதற்காரணம். ஏற்கெனவே பணம் போட்டாயிற்று என்பது இரண்டாவது. கேவலம் மூன்று வெள்ளிதானே என்பது மூன்றாவது. மூன்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் மூன்றும் ஓட்டைக் குடமாகவே ஒலிக்கின்றன. காத்திருந்த நேரம் எதிராளியின் சீட்டை மாற்றாது. நடுவில் போட்ட பணம் போட்ட கணமே அவனுடையதாய் இல்லாமற்போயிற்று. அது இப்போது வெல்லப்பட வேண்டிய பொதுப்பணம். மூன்று வெள்ளி சிறிது என்பது உண்மையே. ஆனால் அந்தச் சிறுமை ஒவ்வோர் இரவும் வந்து கதவைத் தட்டும்.

தோட்டத்து மக்களுக்கு இப்படிப்பட்ட முடிவு புதியதா? கித்தா மரம் சீவிய தலைமுறையைக் கேட்டால் விடை கிடைக்கும். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்பார்கள். கத்தி தீட்டியாயிற்று, மரமோ நல்ல பால் தரும் மரம், வேலை செய்தால்தான் கூலி. ஆனால் இரவு பெய்த மழையில் பட்டை நனைந்திருந்தால் சீவுவதில்லை. ஈரப் பட்டையில் வடியும் பால் கோப்பைக்கு வராமல் மரமெங்கும் ஒழுகி வீணாகும். வெட்டுவாயிலும் நோய் பற்றும். கையில் வலிய சீட்டு இருந்தும் அவர்கள் அன்றைக்கு அதைக் கவிழ்த்தார்கள். மரத்தின்மேல் ஐயங்கொண்டு அவ்வாறு செய்யவில்லை. வானத்தையும் பட்டையையும் பார்த்துச் செய்தார்கள். செம்பனை வெட்டுவோரும் அப்படியே. அண்ணாந்து பார்க்கும்போது குலை பெரிதாகவும் சிவப்பாகவும் தெரிவது மட்டும் போதாது. மரத்தடியில் உதிரிப் பழம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண்ணுக்கு அழகாய்த் தெரிவதையும் நிலத்தில் கிடக்கும் சான்றையும் பிரித்தறியும் பயிற்சி அவர்கள் தொழிலிலேயே இருக்கிறது. பகலில் உதிரிப் பழத்தைப் பார்த்து வெட்டும் அதே கை, இரவில் எதிராளியின் உயர்த்தலைப் பாராமல் பொத்தானை அழுத்துவதுதான் வியப்பு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பாடம் பாதியாகும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒருமுறை இரண்டு ராஜாவோடு தோற்றவன் அடுத்த தடவை நிழலுக்கும் அஞ்சத் தொடங்குவான். நடுவில் ஒன்பது, நான்கு, இரண்டு என்று தொடர்பற்ற சீட்டுகள், மூன்றும் வெவ்வேறு சாதி. எதிரே இருப்பவனோ ஆட்டத்துக்கு ஆட்டம் உயர்த்திக்கொண்டே இருக்கும் வீம்பன். அங்கே இரண்டு ராஜாவைக் கவிழ்ப்பது அறிவாகாது, அச்சமே. இரண்டு ராஜா வைத்திருக்கும்போது முதல் மூன்று சீட்டில் ஓர் ஆசேனும் வருவது ஏறத்தாழ நூற்றுக்கு 23 தடவை. ஆசைக் கண்டதுமே ஓடுபவன் நான்கில் ஒரு தடவையளவு காரணமின்றி ஓடுகிறவனாவான். எதிராளி கையிலும் ஆசு இருக்க வேண்டுமே! கவிழ்ப்பதற்கு எப்போதும் ஒரு காரணம் வேண்டும். தொடர்வதற்கும் ஒரு காரணம் வேண்டும். மேசையில் கிடக்கும் சீட்டு, எதிராளியின் நடத்தை, இனிக் கொடுக்க வேண்டிய தொகைக்கும் வெல்லக்கூடிய தொகைக்கும் உள்ள விகிதம் ஆகிய மூன்றும் பேசும்போது கையிலுள்ள ராஜாக்கள் சற்று வாயடங்கி இருத்தல் நன்று.

தமிழ் மாணவர் அறிந்த இரு சூதாடிகள் உளர். ஒருவர் தருமர். நாடு, செல்வம், தம்பியர், தாம், பாஞ்சாலி என்று வரிசையாய் வைத்து இழந்தார். அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அந்த முதல் ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்கின்றனர். எண்ணத்தக்கது அதற்குப் பின் நிகழ்ந்தது. திருதராட்டிரன் அனைத்தையும் திருப்பிக் கொடுத்து அனுப்பினான். இழந்தது முழுவதும் கைக்கு வந்து, வழிநடந்துகொண்டிருந்தவரை மறுபடியும் அழைத்தார்கள். திரும்பி வந்து ஆடினார். பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு மறைந்துறைதலும் அந்த இரண்டாம் ஆட்டத்தின் பரிசு. எதிரே காயுருட்டுபவன் சகுனி என்பது அப்போது அவருக்குத் தெரியாததன்று. முதல் ஆட்டத்தை அறியாமை என்று மன்னிக்கலாம். இரண்டாவதை என்னென்பது?

மற்றவன் நளன். புட்கரனிடம் நாடிழந்து காட்டுக்குப் போனவன். அவன் மீண்ட வகையை மகாபாரதத்தின் வன பருவம் சொல்கிறது. இருதுபன்னன் என்னும் அரசனுக்குத் தேரோட்டிச் செல்லும்போது, அவ்வரசன் வழியில் நின்ற தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் பார்த்த அளவிலே கணக்கிட்டுச் சொன்னான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்தான். கணக்குச் சரியாய் இருந்தது. அந்த எண்ணும் கலையையும் சூதின் நுட்பத்தையும் இருதுபன்னன் நளனுக்குக் கற்பித்தான். நளன் அதற்கு ஈடாகக் குதிரை நடத்தும் கலையைக் கொடுத்தான். அக்காலத்துச் சூதுக்காயே தான்றிக்காய்தான் என்பதை நினைவிற் கொண்டால் கதையின் நயம் கூடும். ஒரு கிளையைக் கண்டு மரத்தை மதிப்பிடும் கலையும் சூதில் வாய்ப்பை மதிப்பிடும் கலையும் உடன்பிறப்புகள் என்று அந்தப் பழங்கதை கருதியிருக்கிறது. தருமர் துணிவை நம்பினார்; நளன் எண்ணக் கற்றுக்கொண்டான். இருவர்க்கும் உள்ள வேற்றுமை அவ்வளவே.

காவியத்தை விட்டுக் கோலசிலாங்கூர் மண்ணுக்கே வரலாம். ஆற்று முகத்துக்கு அருகே இரண்டு குன்றுகள். ஒன்று புக்கிட் மெலாவாத்தி; மற்றது தஞ்சோங் கெராமாட். இரண்டின்மேலும் கோட்டைகள் இருந்தன. சிலாங்கூர் சுல்தான் இப்ராகிமின் கையில் இருந்த சோடி அது. 1784-இல் மலாக்காவை முற்றுகையிட்ட ராஜா ஹாஜிக்குச் சுல்தான் துணைநின்றார். ராஜா ஹாஜி போரில் வீழ்ந்ததும் டச்சுக் கடற்படை சிலாங்கூர் நோக்கித் திரும்பியது. கோட்டைக்குள் இருந்து கடைசி ஆள் வரை பொருதிருக்கலாம். சுல்தான் அவ்வாறு செய்யவில்லை. இரு கோட்டைகளையும் விட்டு உள்நாட்டுக்குள் விலகிப் பகாங்கை அடைந்தார். டச்சுக்காரர் குன்றுகளில் ஏறி, ஒன்றுக்கு ஆல்டிங்பர்க் என்றும் மற்றொன்றுக்கு உத்ரெக்ட் என்றும் பெயர் சூட்டினர். அன்று அந்தப் பின்வாங்கலைக் கோழைமை என்று இகழ்ந்தோர் இருந்திருந்தால் வியப்பில்லை. மறு ஆண்டு, 1785-இல், பகாங்கிலிருந்து துணைப்படையோடு வந்து இரவில் தாக்கிச் சுல்தான் கோட்டைகளை மீட்டார். டச்சுக்காரர் கப்பலேறினர். அதன்பின் கடல் முற்றுகையால் நெருக்குண்டு 1786-இல் அவர் டச்சுக்காரரோடு உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. ஆனால் அரசு எஞ்சியது. 1784-இல் கோட்டையோடு ஆளையும் இழந்திருந்தால் 1785-இல் இரவுத் தாக்குதலை நடத்த யார் இருந்திருப்பார்?

இன்னும் சற்று உள்ளே போனால் பழைய பத்தாங் பெர்ஜுந்தை, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊர். அதனருகே தென்னமரம் தோட்டம். பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபொக்கொன்னியே 1905-இல் மலாயாவுக்கு வந்து சிலாங்கூரில் நிலம் திருத்தியவர். பின்னாளில் மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. சுமத்திராவிலிருந்து செம்பனை விதை வாங்கிவந்து 1911 வாக்கில் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் நட்டுப் பார்த்தார். 1917-இல் தென்னமரத்தில் பயனளிக்காத காப்பியை நீக்கிவிட்டுச் செம்பனையை வாணிக அளவில் பயிரிட்டார். மலேசியாவின் முதல் செம்பனைத் தோட்டம் அதுவே. காப்பிக்காகக் காடு வெட்டியாயிற்று, கூலி கொடுத்தாயிற்று, ஆண்டுகள் கழிந்தன என்று கணக்குப் பார்த்துக் காப்பியோடு அமர்ந்திருந்தால் அந்த மண்ணின் கதை வேறாகியிருக்கும். இட்ட முதலை எண்ணி எண்ணி இனி இடவேண்டியதை எண்ணாதவன் எந்தப் பயிரிலும் தேறமாட்டான். பின்னால் வரக்கூடிய ஆக்கத்தைக் கருதிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலில் அறிவுடையார் முனையார் என்று தெரிந்துசெயல்வகையில் வள்ளுவர் சொன்னதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

கவிழ்ப்பதில் உள்ள உண்மையான துன்பம் ஒன்றை இன்னும் சொல்லவில்லை. கவிழ்த்தவனுக்கு விடை தெரியாது. எதிராளி தன் சீட்டைக் காட்டவேண்டியதில்லை. அந்த இளைஞன் மூன்று வெள்ளியைக் காத்துக்கொண்டு படுத்தபின்னும், ஒருவேளை மிரட்டியிருப்பானோ என்னும் எண்ணம் ஈப்போல் சுற்றிக்கொண்டிருக்கும். தொடர்ந்து தோற்றவனுக்காவது உண்மை தெரிந்துவிடுகிறது. பலர் பணத்தைக் கொடுத்து வாங்குவது வெற்றியையன்று, அந்தத் தெரிந்துகொள்ளுதலையே. ஆகவே கவிழ்ப்பவனுக்கு ஒரு தனி மனவுரம் வேண்டும். முடிவு சரியா என்பதை விளைவு கொண்டு அளக்காமல், முடிவெடுத்த வேளையில் கைக்கெட்டிய சான்றுகளைக் கொண்டு அளக்கும் உரம் அது. நன்றாக ஆராய்ந்து எடுத்த முடிவு ஒருநாள் தவறாகலாம்; கண்ணை மூடிக்கொண்டு செய்த செயல் ஒருநாள் பொன்னாகலாம். ஒருநாளை வைத்து இரண்டையும் இடம் மாற்றிவிடுபவன் அடுத்த நாள் அதற்கு விலை கொடுப்பான். தேர்வு எழுதும் மாணவன் முதல் உழவுசெய்யும் பெரியவர் வரை யாவர்க்கும் இது பொருந்தும்.

இறுதியாகச் சிறுமை என்னும் மாயத்தைப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து வெள்ளி இழப்பு என்று வைத்துக்கொண்டால் மாதம் 150 வெள்ளி. 2025 பிப்ரவரியில் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால் ஒரு நாள் கூலி அறுபத்தைந்து வெள்ளி சொச்சம். ஆகவே இரண்டு நாளுக்கு மேற்பட்ட உழைப்பு அந்த ஐந்தைந்து வெள்ளியில் கரைகிறது. ஆண்டுக்கு 1,800 வெள்ளி. ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். திறமையாக ஆடுபவன் இழப்பைக் குறைக்கலாமே என்று கேட்கலாம். குறைக்கலாம். ஆனால் மேசையை நடத்துவோர் நடுவில் குவியும் பணத்திலிருந்து தம் பங்கை எடுத்துக்கொண்டே இருப்பர். ஒத்த திறமுடைய அறுவர் ஓராண்டு முழுதும் தங்களுக்குள் ஆடினால் முடிவில் அறுவரும் இழந்திருப்பர். பணம் ஏழாமவனிடம் இருக்கும். இதனோடு சட்டமும் இருக்கிறது. மலேசியாவில் 1953-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டங்கள் உரிமம் இல்லாத சூதைத் தண்டிக்கின்றன. இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு முன்பே, ஆட்டத்தில் பணமிழந்தோர் உயிரை மாய்த்துக்கொண்ட துயரங்களைக் கண்டு தமிழ்நாடு 2022-இல் சட்டமியற்றியது. ஐந்து காசில் தொடங்கிய ஆட்டங்களும் அத்துயரங்களில் அடங்கியிருக்கக்கூடும்.

அப்படியாயின் இந்தக் கலையால் என்ன பயன்? பயன் உண்டு, பணமில்லாத மேசையில் உண்டு. ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை கொடுத்து, ஒரு கட்டுச் சீட்டை நடுவில் வைத்து, வகுப்பறையிலேயே இதை ஆடிப் பார்க்கலாம். நிகழ்தகவுப் பாடத்தை இதைவிட எளிதாய்க் கற்பிக்க முடியாது. இரண்டு ராஜாவைப் பெற்ற மாணவனின் கண்ணில் எழும் ஒளியையும், நான்காம் சீட்டில் தோழன் உயர்த்தியதும் அந்த ஒளி தயங்குவதையும் ஆசிரியர் பார்க்கலாம். அப்போது அவனிடம் மூன்று கேள்வி கேட்கலாம். மேசையில் என்ன கிடக்கிறது? எதிரே இருப்பவன் இதுவரை எப்படி நடந்துகொண்டான்? இனிக் கொடுப்பது எவ்வளவு, பெறக்கூடியது எவ்வளவு? ஏற்கெனவே போட்ட கொட்டைகளைப் பற்றி அவன் பேசத் தொடங்கினால் மெல்லத் தடுத்துவிடலாம். ஆட்டம் முடிந்ததும் கவிழ்த்தவற்றையும் திறந்து காட்டச் சொல்லலாம். கைப்பேசி ஒருபோதும் தராத வாய்ப்பு அது. சரியாகக் கவிழ்த்தவன் யார், வீணே அஞ்சியவன் யார், தெரிந்தே தொடர்ந்தவன் யார் என்பதை அவர்களே கண்டுகொள்வர்.

நளனுக்கு எண்ணக் கற்றுக்கொடுக்க ஒரு தான்றி மரமும் பொறுமையுள்ள ஓர் அரசனும் வாய்த்தனர். கோலசிலாங்கூர்ப் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையும் ஆசிரியரும் இருக்கின்றனர். சம்பள நாள் இரவில் கைப்பேசி மின்னி மறு ஆட்டத்துக்கு அழைக்கும்போது, அதனையும் ஓர் உயர்த்தலாகக் கண்டு, கணக்கைப் பார்த்துக் கவிழ்த்து வைக்க அவர்களுள் சிலரேனும் கற்றிருந்தால், அந்த ஒரு மணி நேர வகுப்பு வீணாகவில்லை எனலாம்.